மாட்டு மருந்துக்குக் கட்டாயப் பயிற்சி, கட்டணமும் நம் தலையில்: இது சரியா?

பல்லடம்_கறவை எழுதியது:

வணக்கம். எங்கள் பக்கம் பால் எடுக்கும் ஒரு தனியார் நிறுவனம் கொள்முதல் மையத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. பால் ஊற்றும் குடும்பத்துக்கு ஒருவர் வீதம் கால்நடை மருந்துப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். டவுனில் ஒரு மண்டபத்தில் ஒரு நாள் வகுப்பு. கட்டணம் 1,500 ரூபாய். ஏப்ரலுக்குப் பிறகு சான்றிதழ் இல்லாதவர் பாலை எடுக்க மாட்டார்கள். விண்ணப்பத்தோடு ஓர் உறுதிமொழிப் படிவமும் இருக்கிறது. பாலில் மருந்து எச்சம் தெரியவந்தால் நஷ்டம் முழுவதும் உற்பத்தியாளரைச் சேரும் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

பயிற்சியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால் அன்று மாலையே கேனுக்குப் போவதை எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அது குழந்தைகள் குடிக்கிற பால். இதை மாற்றியே ஆக வேண்டும்.

ஆனால் ஊசியை நான் போடுவதில்லையே. எந்த மருந்து என்று முடிவு செய்வதும் நான் இல்லை. கூப்பிட்டால் வருகிறவர் போடுகிறார், காலி பாட்டிலையும் பையிலேயே போட்டுக்கொண்டு போகிறார். மெடிக்கலில் பேரைச் சொன்னால் சீட்டு இல்லாமல் கொடுக்கிறார்கள். இந்தச் சங்கிலியில் கடைசியில் நிற்கிறவன் இரண்டு மாடு வைத்திருப்பவன். கட்டாயமும் கட்டணமும் கையெழுத்தும் அவனுக்கு மட்டும்தானா? ஆவினிலேயே பசும்பால் கொள்முதல் விலை 2023 டிசம்பரில்தான் லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ஆனது. பிண்ணாக்கு, தவிடு, கலப்புத் தீவனம் போக என்ன மிஞ்சும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கையெழுத்துப் போடலாமா?


ஒட்டன்சத்திரம்_பண்ணை எழுதியது:

அண்ணா, நான் இதற்கு ஆதரவு. ஒரு மாட்டுக்கு ஒரு முறை மடிநோய் வந்தால் மருந்துச் செலவும் பால் இழப்பும் சேர்த்து 1,500-ஐத் தாண்டிவிடும். அதைத் தவிர்க்கக் கற்றுக்கொடுத்தால் கட்டணம் பெரிய விஷயமில்லை.

இலவசப் பயிற்சி என்றால் நம் ஆட்கள் கையெழுத்துப் போட்டு, மதியச் சாப்பாடு முடித்துக் கிளம்பிவிடுகிறார்கள். காசு கட்டினால் உட்கார்ந்து கேட்பார்கள். நான் தயிருக்கும் பனீருக்கும் பால் கொடுக்கிறவன். ஆன்டிபயாடிக் எச்சம் உள்ள பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது, உறையில் இருக்கிற நல்ல கிருமியையே அது அடக்கிவிடும். ஒருவர் ஊற்றிய பால் ஒரு டேங்க் பாலையே கெடுக்கும். மற்ற எல்லோருக்கும் அது அநியாயம் இல்லையா? தரமான பால் என்று காட்ட ஏதோ ஓர் அத்தாட்சி வேண்டும்தானே.


ஓய்வு_கால்நடைமருத்துவர் எழுதியது:

நீண்ட காலம் அரசுக் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். உணவுக்காக வளர்க்கும் கால்நடைக்கான மருந்தின் லேபிளில், மருந்து உடலைவிட்டு வெளியேறும் காலத்தை, அதாவது பாலையோ இறைச்சியையோ விற்கக் கூடாத நாட்களை, அச்சிட வேண்டும் என்று 2012-இல் மருந்து விதிகளைத் திருத்தினார்கள். அந்த மருந்துக்கென்று ஆய்ந்து உறுதிசெய்த காலம் இல்லையென்றால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். விதி வந்து இவ்வளவு காலம் ஆகியும் இந்த 7, 28 என்ற கணக்கு கறவை மாடு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் காதில்கூட விழுந்ததாக எனக்குத் தெரியவில்லை. மருந்து போடுகிறவர் சொல்லியிருக்க வேண்டும். பலர் சொல்வதில்லை. சொன்னால் "அப்போ இந்த ஊசி வேண்டாம், வேறே ஆளைக் கூப்பிடுகிறேன்" என்ற பதில் வரும் என்று பயம்.

காய்ச்சினால் எல்லாம் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிருமி சாகும். ஆன்டிபயாடிக் எச்சத்தில் பெரும்பகுதி காய்ச்சிய பிறகும் பாலிலேயே இருக்கும்.

அடுத்தது அளவு. மாட்டைப் பார்த்ததும் "முன்னூறு கிலோ இருக்கும்" என்று கண்ணால் எடை போடுகிறோம். நாடா இருந்தால் போதும், ஓரளவு சரியாகவே சொல்லலாம். நெஞ்சுச் சுற்றளவை இன்ச்சில் எடுத்து அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 66, நீளம் 55 என்றால் 363 கிலோ. முன்னூறு என்று நினைத்துப் போட்டிருந்தால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மருந்து குறைந்திருக்கும். குறைந்த அளவும், மாடு தீனி எடுத்ததும் பாதியில் நிறுத்துவதும்தான் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கின்றன.

கால்சியம் குறைந்து கறவை மாடு படுத்துவிடும் பால்காய்ச்சல் நோய்க்குக் கால்சியம் பாட்டிலைத் தாங்களே நரம்பில் ஏற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேகமாக ஏற்றினால் இதயம் நின்று மாடு அங்கேயே விழும். குடற்புழு மருந்து பாதுகாப்பானது என்று சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் ஊற்றுகிறார்கள். கருவுக்கு ஆகாது. ஒரே ஊசியைக் கழுவாமல் பத்து மாட்டுக்குப் போட்டால் ரத்த ஒட்டுண்ணி நோயை நாமே வீடு வீடாகக் கொண்டு போகிறோம்.

எனவே பயிற்சி அவசியம் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பல்லடத்துத் தம்பி அந்த உறுதிமொழிப் படிவத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். அதை முழுதாக இங்கே தட்டச்சு செய்து போடுங்கள், பார்க்கலாம்.


ஆட்டுக்கார_அக்கா எழுதியது:

நான் விருதுநகர் பக்கம். வெள்ளாடு வளர்க்கிறேன், மகளிர் குழுவில் பொறுப்பில் இருக்கிறேன். இவ்வளவு பேர் எழுதியும் ஒரு விஷயம் வரவில்லை. மாட்டையும் ஆட்டையும் பார்ப்பது யார்? தீனி வைப்பது, தண்ணீர் காட்டுவது, கறப்பது, சாணி அள்ளுவது, இன்றைக்கு அசை போடவில்லை என்று முதலில் கண்டுபிடிப்பது எல்லாம் பெண்கள். பால் பாஸ்புக் வீட்டுக்காரர் பேரில் இருக்கும். "குடும்பத்துக்கு ஒருவர்" என்றால் மண்டபத்துக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வருவது அவர்தான். மருந்துக் கரண்டி இருப்பது இவள் கையில்.

காலை ஐந்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் கறவை. நடுவில் டவுனுக்குப் பஸ் பிடித்துப் போய் ஐந்து மணி வரை வகுப்பில் எப்படி உட்கார முடியும்? எங்கள் ஊர் பால் சொசைட்டித் திண்ணையில், பதினொன்றிலிருந்து ஒன்று வரை, மாட்டைக் கட்டி வைத்துக் காட்டட்டும். ஒரே நாளில் திணிக்காமல் வாரம் ஒரு விஷயம் சொல்லட்டும். நாங்கள் வருவோம்.

இன்னொன்று. மருந்து பாட்டிலில் எல்லாம் ஆங்கிலம், அதுவும் எறும்பு ஊர்வது போல எழுத்து. டாக்டர் ஐயா சொல்லும் 7 நாள், 28 நாள் அதில்தான் அச்சாகியிருக்கிறது என்றால் எங்களில் யார் படிப்பது? பயிற்சிக்கு முன்னால் அந்த ஒரு வரியையாவது தமிழில் பெரிதாகப் போடச் சொல்லுங்கள். காசும் பெரிதாக ஆகாது.

ஆட்டைப் பற்றியும் கேட்க வேண்டும் ஐயா. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா ஆட்டுக்கும் புழு மருந்து ஊற்றச் சொன்னார்கள், ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். இப்போது ஊற்றினாலும் கேட்கவில்லை.


ஓய்வு_கால்நடைமருத்துவர் எழுதியது:

அம்மா, நீங்கள் சொன்ன பெண்கள் விஷயம் முழுக்க உண்மை. வகுப்பில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், வீட்டுக்குப் போய் மாட்டைப் பார்த்தால் பதில் சொல்வது வீட்டம்மா.

ஆட்டுக்கு: மந்தை முழுவதற்கும் ஒரே மருந்தை மாற்றாமல் ஊற்றினால் அதற்குத் தப்பிய புழுக்களே பெருகும். ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கீழ் இமையை மெல்ல விரித்து உள்தோலின் நிறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் அந்த ஆட்டுக்கு மட்டும் கொடுங்கள். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்று நிற அட்டையே செய்தார்கள். அளவிலும் ஒரு பிழை நடக்கிறது. பல புழு மருந்துகளை வெள்ளாட்டின் உடல் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். செம்மறிக்கான அளவு வெள்ளாட்டுக்குப் போதாது. சரியான அளவைப் பக்கத்து மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். சாணத்தைக் கொண்டு போனால் முட்டை எண்ணிக்கையும் பார்த்துச் சொல்வார்கள்.


சாமர்செட்_தொழுவம் எழுதியது:

நான் இங்கிலாந்தில் ஒரு பெரிய பால் பண்ணையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் தேனிப் பக்கம். இந்தக் கட்டாயப் பயிற்சி என்ற யோசனை இங்கே ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதால் எழுதுகிறேன்.

இங்கே ரெட் டிராக்டர் என்று ஒரு தரச் சான்றுத் திட்டம் இருக்கிறது. அதில் இருந்தால்தான் பெரிய கடைகளுக்குப் பால், இறைச்சி போகும். பண்ணையில் மருந்து கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர் ஒருவராவது பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. பால் மாட்டுக்கென்று மில்க்‌ஷூர் என்ற பயிற்சி இருக்கிறது, பண்ணையின் கால்நடை மருத்துவரே வந்து நடத்துவார், கட்டணம் உண்டு. மருந்து உற்பத்தியாளர் சங்கம் நடத்தும் இணையவழிப் பயிற்சியும் இருக்கிறது, அது இலவசம். வந்த புதிதில் இங்கேயும் விவசாயிகள் முணுமுணுத்தார்கள். முப்பது வருஷமாக மாடு மேய்ப்பவருக்கு ஊசி போடச் சொல்லித் தருவதற்குக் காசா என்று.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். மருத்துவர் தன் பொறுப்பில் இருக்கும் மந்தைக்கு மருந்து எழுதித் தருகிறார், மருந்து பண்ணையில் பூட்டிய அலமாரியில் இருக்கிறது, ஊசி போடுவது நாங்கள். எந்த மாட்டுக்கு, எந்தத் தேதி, எவ்வளவு, எப்போது வரை பால் எடுக்கக் கூடாது என்று பதிவேட்டில் எழுதி 5 வருஷம் வைத்திருக்க வேண்டும். மருந்து போட்ட மாட்டின் காலில் சிவப்புப் பட்டை கட்டுவோம், கறப்பவர் யாராக இருந்தாலும் தெரியும். எங்கள் பால் எங்கள் டேங்கில் தனியாக இருக்கிறது, தனியாகச் சோதிக்கிறார்கள். தப்பு நடந்தால் எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க முடியும். இத்தனையும் இருப்பதால்தான் ஊசி போடும் எங்களுக்குப் பயிற்சி என்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

இங்கே உணவுக் கால்நடைகளுக்கான ஆன்டிபயாடிக் விற்பனை 2014-இல் ஒரு கிலோ கால்நடை எடைக்கு 62.3 மில்லிகிராம். 2022-இல் 25.7. இந்தச் சரிவைப் பயிற்சியின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஒவ்வொரு துறைக்கும் இலக்கு வைத்தார்கள். மனிதருக்கு முக்கியமான மருந்துகளை, சோதனை செய்து வேறு வழியில்லை என்று தெரிந்தால் மட்டுமே மருத்துவர் எழுத வேண்டும் என்று ஆக்கினார்கள். டென்மார்க் இன்னும் முன்னதாகவே ஆரம்பித்தது. மருந்து விற்பதில் கால்நடை மருத்துவர் லாபம் பார்ப்பதை 1995-இல் கட்டுப்படுத்தினார்கள், 2010-இல் அளவுக்கு மேல் பயன்படுத்தும் பன்றிப் பண்ணைகளுக்கு எச்சரிக்கையாக மஞ்சள் அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். எழுதுகிறவர், விற்கிறவர் பக்கம்தான் முதலில் கை வைத்தார்கள்.


பல்லடம்_கறவை எழுதியது:

நன்றி சகோதரா, நான் சொல்லத் தெரியாமல் தவித்ததைச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் ஊரில் ஊசி போடுகிறவருக்குப் பயிற்சி. எங்கள் ஊரில் ஊசி போடுகிறவரை விட்டுவிட்டு மாட்டின் கயிற்றைப் பிடித்திருப்பவருக்குப் பயிற்சி.

டாக்டர் கேட்ட படிவ வாசகம்: "மேற்படி பயிற்சியில் கால்நடை மருந்துகளின் பாதுகாப்பான பயன்பாடு குறித்து முழுமையாக அறிந்துகொண்டேன். இனி எனது பாலில் மருந்து எச்சம் காணப்பட்டால் அதனால் நிறுவனத்துக்கு ஏற்படும் இழப்புக்கு நானே பொறுப்பு."


ஓய்வு_கால்நடைமருத்துவர் எழுதியது:

நான் பயந்தது இதைத்தான். ஒரு நாள் வகுப்பில் யாரும் "முழுமையாக" அறிய முடியாது. ஐந்து வருஷம் படித்துவிட்டு வந்த நாங்களே ஒவ்வொரு மருந்துக்கும் புத்தகத்தைப் புரட்டுகிறோம். அந்தச் சொல்லை அடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, "எனது பால்" என்று எப்படி நிரூபிப்பார்கள்? கொள்முதல் மையத்தில் எல்லோர் பாலும் ஒரே கேனில் கலக்கிறது. எச்சம் பார்க்கும் பட்டைச் சோதனையைக் குளிரூட்டும் நிலையத்து டேங்கில் செய்வார்கள். அங்கே தெரிந்தால் எழுபது வீட்டில் யாரைப் பிடிப்பது? கொழுப்புச் சோதனைக்கு எப்படியும் ஒவ்வொருவரிடமும் தனியாக மாதிரி எடுக்கிறார்கள். அதில் கொஞ்சத்தைப் பெயர் எழுதிக் குளிரில் ஒரு நாள் வைத்திருந்தால் போதும். அதைச் செய்யாமல் பொறுப்பை மட்டும் கேட்பது நியாயம் இல்லை.

மூன்றாவது, இந்தச் சான்றிதழ் கையில் இருந்தால் ஊசி போட அனுமதி கிடைத்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி சிகிச்சை என்பது பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. சில சிறு சேவைகளை மற்றவர்கள் செய்யலாம், அதுவும் மருத்துவரின் மேற்பார்வையில். பயிற்சி நடத்துகிறவர்கள் இதை முதல் பத்து நிமிஷத்திலேயே சொல்ல வேண்டும்.


மெடிக்கல்_ராசிபுரம் எழுதியது:

மருந்துக்கடைக்காரன் என்பதால் என்னைத் திட்டுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் பேசுகிறேன். ஆன்டிபயாடிக் எல்லாம் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும். சட்டத்தில் மனித மருந்து, மாட்டு மருந்து என்ற சலுகை எதுவும் இல்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு ஒருவர் ஓடி வந்து மாடு படுத்துவிட்டது, டாக்டர் போனில் மருந்து சொன்னார் என்றால் நான் என்ன செய்வது? கொடுக்கவில்லை என்றால் அடுத்த கடையில் கொடுப்பார்கள். எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் ஒரே கண்டிப்பு வந்தால் நான் முதல் ஆளாக நிறுத்துவேன்.

என் மருந்தாளுநர் படிப்பில் மாட்டு மருந்துக்கு இடம் மிகக் குறைவு. பூச்சிமருந்து, உரம் விற்கிறவர்களைப் பாருங்கள். அவர்களுக்கென்று 2003-இலிருந்து தேசி என்று 48 வாரப் பட்டயப் படிப்பு நடக்கிறது, ஹைதராபாத்தில் இருக்கும் மேனேஜ் என்ற வேளாண் பயிற்சி நிறுவனம் கொண்டு வந்தது. விவசாயிக்கு ஆலோசனை சொல்கிறவர் கடைக்காரர்தான், அவருக்கு விஷயம் தெரிய வேண்டும் என்று அரசாங்கமே உணர்ந்து செய்தது. மாட்டு மருந்து விற்கிற எங்களுக்கு அப்படி ஒன்று வைத்தால் கட்டணம் கட்டி நானே வருகிறேன். எனக்கு அதில் வருமானம் இருக்கிறது, நான் கட்டுவதுதான் முறை. பல்லடத்து அண்ணனுக்கு மருந்தில் செலவு மட்டும்தான்.


நாமக்கல்_முட்டை எழுதியது:

கோழிப் பக்கமும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக் கால்நடைகளுக்கும் கோழிக்கும் தீவனக் கலவைக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் தடை செய்தார்கள். வேறு எதுவும் கேட்காத நோயாளிக்கு மருத்துவமனையில் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதைக் கோழி எடை ஏறத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தது இந்த நாடு. தடை வந்தபோது எந்தப் பண்ணையாளருக்கும் பயிற்சி வைக்கவில்லை. பயிற்சிக்காகக் காத்திருந்தால் இன்றும் மூட்டை மூட்டையாக வந்துகொண்டிருக்கும்.

கறிக்கோழிக்காரர்களை நினைத்துப் பாருங்கள். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் அவர்கள் அனுப்புவது. வளர்ப்பவருக்கு வளர்ப்புக் கூலி. அவருக்குச் சான்றிதழ் கொடுத்து என்ன ஆகப்போகிறது? "இந்தப் பாக்கெட்டைத் தண்ணீரில் கலக்கு" என்று சூப்பர்வைசர் சொன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த முறை குஞ்சு இறங்காது.

முட்டைக் கோழியில் இன்னொரு நெருக்கடி. 7 நாள் முட்டையை விற்காதே என்றால், கோழி தினமும் இடுகிறது. ஐம்பதாயிரம் கோழி இருக்கும் பண்ணையில் ஒரு வாரத்து முட்டையைக் கொட்டுவது என்றால் பண்ணையை மூடுவதுதான். அதனால் நோய் வராமல் பார்ப்பதில்தான் நாங்கள் காசைப் போடுகிறோம். தடுப்பூசி, தண்ணீர்ச் சுத்தம், வெளியாளை உள்ளே விடாமை. பயிற்சியில் பாதி நேரமாவது இதற்குப் போக வேண்டும்.


ஒட்டன்சத்திரம்_பண்ணை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் கடைக்காரர் மேல், கம்பெனி மேல், டாக்டர் மேல் என்று தள்ளிக்கொண்டே போனால் நம் பங்கு என்ன? மருந்து போட்டது தெரிந்தே பாலை ஊற்றுவது நாம்தானே? கடையில் தடை வந்தாலும், சட்டப்படி டாக்டரே வந்து ஊசி போட்டாலும், அடுத்த 7 நாள் பாலை நிறுத்தி வைக்க வேண்டியது நம் கை. அதற்கு அறிவு வேண்டும், மனசும் வேண்டும்.


பல்லடம்_கறவை எழுதியது:

தம்பி, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நாளுக்குப் பத்து லிட்டர் கறக்கும் ஒரே மாடு. 7 நாள், 70 லிட்டர். 35 ரூபாய் என்றாலும் 2,450. அந்த வாரம் மருந்துச் செலவு வேறு, தீவனம் வழக்கம் போல. முப்பது மாடு இருந்தால் ஒன்றின் பாலைக் கொட்டிவிட்டு மற்றவற்றின் பாலில் வீட்டை ஓட்டலாம். ஒரு மாட்டுக்காரர் வீட்டில் அந்த வாரம் உலை வைப்பது எதை வைத்து? தெரியாமல் ஊற்றுகிறவர்கள் கொஞ்சம் பேர். தெரிந்தும் வேறு வழியில்லாமல் ஊற்றுகிறவர்கள்தான் நிறைய. அவர்களுக்கு வகுப்பு எடுத்து என்ன மாறும்? சிகிச்சைச் சீட்டைக் காட்டினால் அந்த 7 நாள் பாலுக்குப் பாதி விலையாவது தரும் ஒரு நிதியை நிறுவனமோ சொசைட்டியோ வைத்தால், எங்கள் ஊரில் ஒருவர்கூட மருந்துப் பாலை ஊற்ற மாட்டார். நான் உறுதியாகச் சொல்கிறேன்.


ஓய்வு_கால்நடைமருத்துவர் எழுதியது:

இந்த நிதி யோசனையை விட்டுவிடாதீர்கள்.

கட்டுப்பாடு எங்கே பலிக்கும் என்பதற்குக் கழுகுக் கதையைச் சொல்ல வேண்டும். டைக்ளோஃபெனாக் வலி ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகு சிறுநீரகம் கெட்டுச் சாகும் என்பது 2004-இல் தெரியவந்தது. அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் நூற்றுக்கு 99-க்கும் மேல் அழிந்துவிட்டிருந்தன. 2006-இல் மாட்டுக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தார்கள். என்ன நடந்தது? மனிதருக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். எத்தனை கூட்டம், எத்தனை துண்டுப் பிரசுரம் போட்டோம்! 2015-இல் மனிதருக்கான ஊசி மருந்தை 3 மில்லி அளவுக்கு மேல் அடைக்கக் கூடாது என்று ஆணை வந்தது. மாட்டுக்குப் போட ஐந்தாறு குப்பியை உடைக்க வேண்டும் என்று ஆனதும் பயன்பாடு இறங்கியது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன, 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை உறுதி செய்தது. மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கழுகுக்கு ஆபத்தில்லாத மாற்றாக இருந்ததால் எங்களுக்கும் கை கட்டப்படவில்லை. 2023-இல் கழுகுக்கு ஆகாத வேறு இரண்டு வலி மருந்துகளான கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. நீலகிரியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று கழுகு பறக்கிறது என்றால், பாட்டில் அளவு மாறியதற்கும் அதில் பங்கு உண்டு.

பால் விஷயத்தில் இன்னொரு தகவல். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. அளவுக்கு மேல் ஆன்டிபயாடிக் இருந்தவை 77. பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சின் அளவுக்கு மேல் இருந்தவை 368, அதில் 88 தமிழ்நாட்டுடையவை. அந்த நச்சு பூசணம் பிடித்த பிண்ணாக்கு, மக்காச்சோளத்தின் வழியாக வருகிறது. உங்கள் நிறுவனம் பாலின் தரத்துக்காகத்தான் இதைச் செய்கிறது என்றால், தான் விற்கும் தீவனத்தின் சோதனை அறிக்கையையும் சுவரில் ஒட்டட்டும்.


ஆட்டுக்கார_அக்கா எழுதியது:

ஐயா, மடிநோய்க்குக் கற்றாழை வைத்தியம் சொல்லித் தருகிறார்களே, அதைப் பயிற்சியில் சேர்க்கலாமா? எங்கள் குழுவில் சிலர் செய்கிறார்கள்.


ஓய்வு_கால்நடைமருத்துவர் எழுதியது:

கட்டாயம் சேர்க்கலாம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மடியைக் கழுவிப் பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டு நாளுக்கு எட்டுப் பத்து முறை தடவுவது. தேசியப் பால்வள வாரியமே இதைப் பரப்புகிறது. தஞ்சாவூரில் நம் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் மூலிகை மருத்துவ மையம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. ஆரம்ப நிலையில் நல்ல பலன் உண்டு, பாலைக் கொட்ட வேண்டிய அவசியமும் குறையும். ஆனால் காய்ச்சல் அடித்து, தீனி விட்டு, பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தால் தடவிக்கொண்டு உட்காராதீர்கள். கால்நடை உதவி எண் 1962-க்கு அழையுங்கள் அல்லது மருந்தகத்துக்குப் போங்கள்.

பயிற்சிக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் பல மாவட்டங்களில் இருக்கின்றன. சொசைட்டி சார்பில் எழுதிக் கேளுங்கள், ஊருக்கே வந்து நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.


பல்லடம்_கறவை எழுதியது:

எங்கள் ஊரில் பால் ஊற்றுகிறவர்கள் கூடிப் பேசினோம். நிறுவனத்துக்குக் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறேன். சுருக்கம் இது:

பயிற்சிக்குச் சம்மதம். கட்டணத்தை நிறுவனம் ஏற்க வேண்டும். ஊரிலேயே, இரண்டு கறவைக்கு நடுவில், தமிழில், மாட்டை வைத்து நடத்த வேண்டும். பாஸ்புக் யார் பேரில் இருந்தாலும் மாட்டைப் பார்க்கிறவர் வர வேண்டும். எங்கள் ஊருக்கு வந்து ஊசி போடுகிறவர்களையும் அதே பயிற்சிக்கு அழைக்க வேண்டும், அவர்கள் மருந்தின் பேரையும் பால் நிறுத்த வேண்டிய நாளையும் சீட்டில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொருவர் பால் மாதிரியும் ஒரு நாள் பாதுகாக்கப்பட வேண்டும். சிகிச்சைச் சீட்டு காட்டினால் நிறுத்தி வைத்த பாலுக்குப் பாதி விலை. இவை நடைமுறைக்கு வந்த பிறகு உறுதிமொழிப் படிவத்தில் "முழுமையாக" என்ற சொல் இல்லாமல் கையெழுத்திடுகிறோம்.

ஏதாவது விட்டுப்போயிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.


சாமர்செட்_தொழுவம் எழுதியது:

ஒரு நோட்டுப் புத்தகமும் கேளுங்கள். மாட்டின் காது எண், மருந்து, தேதி, பால் திரும்ப ஊற்றும் தேதி, நான்கே பத்தி. காலில் கட்ட ஒரு சிவப்புத் துணி. வீட்டில் வேறு யாராவது கறந்தாலும் தெரியும்.


ஒட்டன்சத்திரம்_பண்ணை எழுதியது:

கட்டணம் விஷயத்தில் நான் இன்னும் மாறவில்லை. பெரிய பண்ணைகள் கட்டலாம், கட்ட வேண்டும். ஐந்து மாட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசம் என்று எழுதினால் நானும் என் பேரைப் போடுகிறேன். நிதிக்கும் லிட்டருக்குப் பத்து பைசா பிடித்துக்கொள்ளட்டும், எனக்குச் சம்மதம்.


பல்லடம்_கறவை எழுதியது:

பத்து பைசாவைச் சேர்த்துவிட்டேன் தம்பி, நிறுவனமும் அதே அளவு போட வேண்டும் என்று. டாக்டர், கடைசியாக ஒன்று. அந்த 7 நாள் பாலைக் கன்றுக்குக் கொடுத்துவிடலாமா என்று கூட்டத்தில் எல்லோரும் கேட்டார்கள்.


ஓய்வு_கால்நடைமருத்துவர் எழுதியது:

வேண்டாம். குறைந்த அளவு மருந்தைத் தினமும் குடிக்கும் கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும், கழிச்சல் வந்தால் பிறகு எதுவும் கேட்காது. நாய், பூனைக்கும் ஊற்றாதீர்கள். சாண எரிவாயுக் கலன் இருந்தால் அதிலும் வேண்டாம், வாயு உண்டாக்கும் நுண்ணுயிரை அது பாதிக்கும். கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் தள்ளி ஒரு குழி வெட்டி ஊற்றி மண் போட்டு மூடுங்கள். கன்றுக்கு வேறு மாட்டுப் பால் கொடுங்கள். ஒரே மாடு என்றால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குங்கள், அந்தச் செலவையும் மனுவில் நிதிக்குக் கீழே எழுதிவிடுங்கள்.